‘பசு’ வகை வெடிப்புகள்: துணை விண்மீனைக் கிழித்த கருந்துளைதான் காரணம் என்று முடிவு கட்டலாமா?

பரிதி:
சட்டென்று ஒளிர்ந்து சட்டென்று அணையும் நீல வெடிப்புகளைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம், “காரணம் தெரியவில்லை” என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். இனி அப்படிக் கலைய வேண்டியதில்லை என்பது என் கட்சி.

புதிதாகப் படிப்பவர்களுக்காக முன்கதை. 2018 ஜூன் 16 அன்று ஹவாயில் உள்ள அட்லாஸ் தொலைநோக்கி, ஹெர்குலிஸ் விண்மீன் குழுவின் திசையில் ஒரு புதுப் புள்ளியைப் பிடித்தது. பட்டியலில் அதன் பெயர் ஏடி2018கவ். கடைசியில் வரும் ‘கவ்’ ஆங்கிலத்தில் பசு என்பதால் எல்லோரும் ‘பசு’ என்றே சொல்கிறோம். அவ்வளவு பிரகாசமாக இருந்ததால், நம் பால்வீதிக்குள்ளேயே உள்ள ஒரு வெண்குள்ள விண்மீனின் வெடிப்பாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். நிறமாலை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது: அது 20 கோடி ஒளியாண்டு தள்ளி, சிஜிசிஜி 137-068 என்ற விண்மீன் மண்டலத்தில் இருந்தது. உச்சத்தில் அதன் ஒளி பத்தாயிரம் கோடி சூரியன்களுக்குச் சமம். சாதாரண சூப்பர்நோவா, அதாவது விண்மீன் சாகும்போது நிகழும் வெடிப்பு, உச்சம் தொட இரண்டு மூன்று வாரம் ஆகும். பசுவுக்கு இரண்டு மூன்று நாள் போதுமாக இருந்தது. எக்ஸ்-கதிரிலும் மில்லிமீட்டர் அலையிலும் அது கொட்டிய ஆற்றல் யாரும் எதிர்பாராதது.

பிறகு ‘கோலா’, ‘ஒட்டகம்’, சிஎஸ்எஸ்161010, ஏடி2020எம்ஆர்எஃப், ‘டாஸ்மேனிய டெவில்’ என்று ஒரு சின்னக் குடும்பமே சேர்ந்துவிட்டது. இப்போது ‘விப்பட்’, அதாவது ஏடி2024டபிள்யூபிபி. 110 கோடி ஒளியாண்டு தொலைவு. பசுவைவிடப் பல மடங்கு பிரகாசம். ஒளியாக மட்டும் அது வெளியிட்டது ஏறத்தாழ 10⁵¹ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் அலகு). சாதாரண சூப்பர்நோவா ஒளியாகத் தருவதைப் போல நூறு மடங்கு இது. புறஊதா, எக்ஸ்-கதிர், ரேடியோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த குழு சொல்வது இதுதான்: நூறு சூரிய நிறைக்கு மேற்படாத ஒரு கருந்துளை, தன்னைச் சுற்றிவந்த பத்து சூரிய நிறைக்கும் மேற்பட்ட துணை விண்மீனைக் கிழித்து விழுங்கியிருக்கிறது. என் பார்வையில் இந்த விளக்கம் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும். மறுப்பவர்கள் தரவோடு வாருங்கள்.

நிறமாலைநேசன்:
பரிதி, விப்பட்டுக்கு அந்த விளக்கம் பொருந்துகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. “பொருந்துகிறது” என்பதிலிருந்து “அதுதான்” என்பதற்குத் தாவுகிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன்.

தனியாக வாழ்ந்த ஒரு பெரிய விண்மீனின் மையம் சரிந்து கருந்துளையாகிறது என்று வையுங்கள். சூப்பர்நோவா சரியாக வெடிக்கவில்லை. வெளி அடுக்குகள் உள்ளே விழுகின்றன. விழும் வாயுவுக்குச் சுழற்சி இருந்தால் கருந்துளையைச் சுற்றி வட்டு உருவாகும். வட்டிலிருந்து காற்றும், ஜெட் என்ற குறுகிய அதிவேகப் பீச்சலும் கிளம்பும். வெளியேறும் பொருள் கொஞ்சம், மைய இயந்திரம் உக்கிரம். நீங்கள் துணை விண்மீனை வைத்து விளக்கிய எல்லாமே இதிலும் வந்துவிடுகிறது. மேக்னட்டார் என்ற அதிகாந்தப்புல நியூட்ரான் விண்மீனும் இன்னும் களத்தில் இருக்கிறது. இரண்டு விண்மீன் தேவைப்படாத இடத்தில் எதற்கு இரண்டு?

இன்னொன்று. இந்தக் குடும்பத்தில் நல்ல எக்ஸ்-கதிர், ரேடியோத் தரவு உள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த அளவு தரவை வைத்துக் குடும்பம் முழுவதற்கும் ஒரே தகப்பன் பெயர் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கதிர்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். சாதாரண சூப்பர்நோவாவையே கொஞ்சம் பெருசா, வேகமா நினைச்சுக்கக் கூடாதா? ஏன் எல்லாரும் நேரா கருந்துளைக்குப் போறீங்க?

யாழினி:
கதிர், எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற கேள்வி இது. கணக்காகவே காட்டிவிடுகிறேன்.

பெரும்பாலான சூப்பர்நோவாக்களின் ஒளிக்குப் பின்னால் இருப்பது நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல். அது 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்டாகச் சிதைகிறது; கோபால்ட்-56 இன் அரை ஆயுள் 77 நாள். பசுவின் உச்ச ஒளிர்வு விநாடிக்கு 4×10⁴⁴ எர்க். நிக்கல் மட்டும் இதைத் தர வேண்டுமென்றால் ஐந்து சூரிய நிறைக்கும் மேலான நிக்கல் வேண்டும். இது முதல் எண்.

இரண்டாவது எண்: ஒளி உள்ளே சிக்காமல் இரண்டு மூன்று நாளில் வெளியே வர, வெடித்துச் சிதறிய பொருள் குறைவாக இருக்க வேண்டும். வைக்கோல் குபீரென்று பற்றி அணைவதைப் போலத்தான். கட்டை என்றால் நின்று எரிந்திருக்கும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் விரிகிறது என்று எடுத்துக்கொண்டால், அரை சூரிய நிறைக்கு மேல் இருந்தால் உச்சம் தொடவே ஐந்து நாள் ஆகிவிடும்.

ஆக, சிதறியதே மொத்தம் அரை சூரிய நிறை. அதற்குள் ஐந்து சூரிய நிறை நிக்கல் எப்படி இருக்கும்? நிக்கல் கதை இங்கேயே முறிந்துவிடுகிறது.

வெப்பநிலையும் ஒத்துழைக்கவில்லை. சூப்பர்நோவாவின் ஒளிக்கோளம், அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிரும் மேற்பரப்பு, முதலில் விரியும், குளிரும். பசுவின் ஒளிக்கோளம் முதல் அளவீட்டிலிருந்தே சுருங்கிக்கொண்டு போனது. தொடக்கத்தில் 30,000 கெல்வின்; வாரங்கள் கழித்தும் 15,000 கெல்வினுக்குப் பக்கத்திலேயே நின்றது. உள்ளே ஏதோ ஒன்று தொடர்ந்து சூடேற்றிக்கொண்டிருந்தது என்று இதைப் படிக்காமல் வேறு எப்படிப் படிப்பது?

நிறமாலைநேசன்:
யாழினி அக்கா சொன்ன நிக்கல் கணக்கை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் நிக்கல் இல்லை என்றால் கருந்துளை என்று ஆகிவிடாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. விண்மீன் சாவதற்குமுன் வெளியே துப்பிய வாயுக் கூட்டில் வெடிப்பு மோதினால், இயக்க ஆற்றல் ஒளியாக மாறும். பசுவின் நிறமாலையில் இரண்டு மூன்று வாரம் கழித்து ஹைட்ரஜன், ஹீலியம் கோடுகள் விநாடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் தோன்றின (கோட்டின் அகலம் வாயுவின் வேகத்தைக் காட்டும்). வாயுக் கூட்டோடு மோதும் சூப்பர்நோவாக்களில் இதைப் போன்றவற்றைப் பார்த்திருக்கிறோம். குறைவாக ஒளிரும் வேக வெடிப்புகளில் பெரும்பான்மை இந்த ரகம்தான் என்று தேடுதல் கணக்கெடுப்புகளே காட்டிவிட்டன.

பரிதி:
குறைவாக ஒளிர்பவற்றுக்குச் சரி. ஆனால் விப்பட்டில் அந்தக் கணக்கை ஓட்டிப் பாருங்கள். ஒரு சூப்பர்நோவாவின் மொத்த இயக்க ஆற்றலே ஏறத்தாழ 10⁵¹ எர்க். விப்பட் ஒளியாக மட்டும் அவ்வளவையும் கொட்டியிருக்கிறது. மோதல்தான் காரணமென்றால், வெடித்த பொருள் கடைசித் துளி வேகத்தையும் ஒளியாக மாற்றிவிட்டு அப்படியே நின்றுபோயிருக்க வேண்டும். அப்படி எதுவும் நிற்கவில்லை. வேகமான பொருள் வெளியே ஓடிக்கொண்டிருப்பதை ரேடியோ காட்டுகிறது.

பசுவுக்கும் எக்ஸ்-கதிர்ச் சாட்சி இருக்கிறது. ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பார்த்தபோது எக்ஸ்-கதிர் சில நாள் இடைவெளியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் எட்டாம் நாளில் நியூஸ்டார் என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி பார்த்தபோது 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேலே நிறமாலையில் ஒரு மேடு. அடர்ந்த பொருளுக்குள் மறைந்திருக்கும் ஒரு மூலத்தின் கதிர் அந்தப் பொருளில் பட்டுத் தெறிக்கும்போது வரும் மேடு அது. வட்டு உள்ள கருந்துளைகளில் நாம் பார்த்துப் பழகியது. பதினாறாம் நாள் பார்த்தபோது மேடு போய்விட்டது. வெளியே நடக்கும் மோதலில் இந்த ஏற்ற இறக்கமும் வராது, இப்படி மறைகிற மேடும் வராது.

வெண்கோள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பரிதியும் நேசனும் சண்டை போடுவது ஒரே வீட்டுக்குள்தான்: இருவருக்கும் சின்னக் கருந்துளை. நான் மூன்றாவது கட்சி. இவை இடைநிறைக் கருந்துளைகள், ஆயிரம் முதல் லட்சம் சூரிய நிறை வரை. வழியோடு போன விண்மீனை அருகே இழுத்து ஈர்ப்பு வேறுபாட்டால் கிழிக்கின்றன. இதற்கு என்னிடம் மூன்று சாட்சி.

பசு அணைந்து இரண்டு முதல் நான்கு ஆண்டு கழித்து ஹப்பிள் அதே இடத்தைப் பார்த்தது. புறஊதாவில் ஒரு புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெடிப்பிலிருந்து ஏறக்குறைய 700 நாளுக்கும் 1,470 நாளுக்கும் இடையில் அதன் ஒளி பெரிதாக மாறவே இல்லை. பெரும் கருந்துளைகள் விண்மீனைக் கிழித்த பின்பு வட்டு இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் சமநிலையில் ஒளிரும். அதே மாதிரியைப் பசுவுக்குப் பொருத்தினால் ஆயிரம் சூரிய நிறையைச் சுற்றி விடை வருகிறது.

அடுத்தது ‘ஃபின்ச்’, ஏடி2023எஃப்எச்என். ஹப்பிள் படத்தில் அது எந்த விண்மீன் மண்டலத்துக்குள்ளும் இல்லை. பக்கத்துச் சுருள் மண்டலத்திலிருந்து 50,000 ஒளியாண்டு, சின்னத் துணை மண்டலத்திலிருந்து 15,000 ஒளியாண்டு தள்ளிக் கிடந்தது. இடைநிறைக் கருந்துளை இருக்கக்கூடிய கோளக் கொத்துகள், அதாவது முதிய விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டங்கள், அப்படிப்பட்ட வெளிப்புறத்தில்தான் சுற்றும். பத்து சூரிய நிறை விண்மீன் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கி எறியப்பட்டாலும் 15,000 ஒளியாண்டைக் கடக்க நாலரைக் கோடி ஆண்டு ஆகும். அந்த நிறையுள்ள விண்மீன் அவ்வளவு காலம் உயிரோடு இருக்காது.

மூன்றாவது, சிஎஸ்எஸ்161010. அதன் பிற்கால நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அகலமாக, நம்மை நோக்கி வரும் வாயுவில் போல நீலப் பக்கம் நகர்ந்து வந்தன. ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் ஹைட்ரஜன்! பரிதியின் கதையில் கிழிபடும் துணையாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது ஹைட்ரஜனைத் தொலைத்துவிட்ட உல்ஃப்-ராயே விண்மீன். பிறகு இந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

பரிதி:
வெண்கோள், மூன்றும் நல்ல கேள்விகள். ஆனால் உங்கள் கருந்துளையின் அளவைப் பசுவே அளந்து கொடுத்திருக்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் கருவி பசுவின் எக்ஸ்-கதிரில் விநாடிக்கு 224 முறை வரும் துடிப்பைக் கண்டது. ஒரு துடிப்புக்கு 4.4 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் ஒளியே 1,300 கிலோமீட்டர்தான் போகும். துடிப்பு எழும் இடம் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. லட்சம் சூரிய நிறைக் கருந்துளையின் நிகழ்வெல்லை (ஒளிகூடத் தப்ப முடியாத எல்லை) ஆரமே 3 லட்சம் கிலோமீட்டர். அதை வெளியிட்ட குழு போட்ட மேல்வரம்பு 850 சூரிய நிறை. நியூட்ரான் விண்மீனாகக்கூட இருக்கலாம்; உங்கள் லட்சத்துக்கு அங்கே இடமில்லை.

ஃபின்ச் இருந்த தூரத்தில் ஒரு மங்கலான இளம் கொத்து இருந்தால் ஹப்பிளுக்கும் தெரியாது. மண்டலங்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது வெளியே சிந்தும் வாயுவில் விண்மீன்கள் பிறப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். விண்மீன் அங்கே போய்ச் சேர வேண்டிய தேவையே இல்லை, அங்கேயே பிறந்திருக்கலாம். மற்ற உறுப்பினர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பசு சுருள் கையில், விண்மீன் பிறக்கும் பகுதியை ஒட்டி. கோலாவும் சிஎஸ்எஸ்161010ம் சின்னக் குள்ள மண்டலங்களில். பெரிய இளம் விண்மீன்கள் சாகும் இடங்கள் இவை.

வெண்கோள்:
224 துடிப்பை இவ்வளவு கெட்டியாகப் பிடிக்காதீர்கள். நைசர் படம் எடுக்கும் கருவி அல்ல. தன் பார்வைக்குள் வரும் எல்லா எக்ஸ்-கதிரையும் சேர்த்து எண்ணுகிறது. துடிப்பும் ஒரு நாள் தரவில் பளிச்சென்று தெரிந்ததல்ல. ஏறக்குறைய 60 நாள் தரவைக் கூட்டிச் சராசரி எடுத்தபோது மேலே வந்தது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் நிறையைத் தீர்மானிக்கும் முழுப் பாரத்தையும் அந்த ஒரு அளவீட்டின் மேல் ஏற்றினால் அது தாங்குமா? ஹப்பிளின் புறஊதாப் புள்ளி அப்படியல்ல. பல குழுக்கள் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். அது இருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்லாமல் கடக்கக் கூடாது.

850 என்ற வரம்புக்கும், புறஊதா தரும் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் பிழைவரம்புக்குள் பெரிய இடைவெளி இல்லை என்பதையும் கவனியுங்கள். லட்சத்தை விட்டுவிடலாம். சில நூறு என்றால் கூட அது ஒரு விண்மீன் செத்து உண்டான சாதாரணக் கருந்துளை அல்ல.

யாழினி:
இவ்வளவு பேசியும் எல்லோரும் தவிர்த்துப் போகும் ஒரு சாட்சி இருக்கிறது: வெடிப்பைச் சுற்றியிருந்த வாயு. ரேடியோக்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒளி, எக்ஸ்-கதிர் இரண்டும் இயந்திரத்தின் இன்றைய நிலையைச் சொல்கின்றன. வெடிப்பதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்பதை ரேடியோ மட்டும்தான் சொல்கிறது.

அதிர்ச்சி அலை சுற்றியுள்ள வாயுவை இடித்துத் தள்ளும்போது எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலை வெளியிடுகின்றன. அலைநீளம் அதிகமாக ஆக, அந்த உமிழ்வைத் தன் சொந்த எலக்ட்ரான்களே விழுங்கிவிடும். எந்த அதிர்வெண்ணில் விழுங்கல் நின்று உச்சம் வருகிறது என்பதைப் பிடித்துவிட்டால், மூலத்தின் அளவைக் கணக்கிடலாம். சாதாரண சூப்பர்நோவாவில் அந்த உச்சம் சில கிகாஹெர்ட்ஸில் வரும், பொறுமையாக அளக்கலாம். பசுவில் 22ஆம் நாளிலும் அது 100 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நின்றது. எஸ்எம்ஏ, ஆல்மா என்ற தொலைநோக்கி வரிசைகள் மில்லிமீட்டர் அலையில் பார்த்திராவிட்டால் உச்சத்தையே தவறவிட்டிருப்போம். கணக்கு போட்டால் அலையின் ஆரம் 7×10¹⁵ சென்டிமீட்டர். வேகம் ஒளியின் வேகத்தில் 13 சதவீதம். வாயு அங்கே மிக அடர்த்தி.

இப்போது மறுமுனை. புனே அருகே உள்ள மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டி ரேடியோத் தொலைநோக்கி பசுவைக் குறைந்த அதிர்வெண்களில் 570 நாள் வரை தொடர்ந்தது. அந்த நேரத்துக்குள் அலை வெகுதூரம் போய்விட்டது. அதாவது, விண்மீன் வெகுகாலம் முன்பு உதிர்த்த வாயுவை அது தொட்டுக்கொண்டிருந்தது. கிடைத்த விடை: வெடிப்புக்கு ஏறத்தாழ 22 ஆண்டு முன்பு நிறை உதிர்ந்த வேகம், 2 ஆண்டு முன்பு உதிர்ந்ததில் நூறில் ஒரு பங்குதான்.

இதை மேசையில் வைத்துவிட்டு மூவரையும் கேட்கிறேன். கடைசி இரண்டு மூன்று ஆண்டில் மட்டும் யார் இப்படி அவசர அவசரமாக வாயுவைக் கொட்டியது? வெண்கோள், உங்கள் விண்மீன் வழிப்போக்கன். தனக்குச் சாவு வரப்போகிறது என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது.

கதிர்:
அக்கா, இது ரொம்ப நல்லா இருக்கு. வெடிச்சு ஒன்றரை வருஷம் கழிச்சுப் பார்த்து, வெடிக்கிறதுக்கு இருபது வருஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்க. அந்த 22 வருஷம்ங்கிற எண் எப்படி வருது?

யாழினி:
அலை தொட்ட தூரம் தெரியும். விண்மீன் காற்று விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம். அலை அந்தக் காற்றைவிடப் பல பத்து மடங்கு வேகமாகப் போவதால், அதன் ஒவ்வொரு மாதமும் விண்மீனின் பல ஆண்டு வரலாற்றைப் புரட்டிக்கொண்டு போகிறது. காற்றின் வேகம் குறைவாக இருந்திருந்தால் ஆண்டு எண்கள் நீளும். அடர்த்தி சட்டென்று விழுகிறது என்பது மாறாது.

நிறமாலைநேசன்:
இந்தச் சாட்சி என் பக்கம். சாகப்போகும் பெரிய விண்மீனின் மையத்தில் எரிபொருள் ஒவ்வொன்றாக மாறும்போது கடைசி ஆண்டுகளில் கொந்தளித்து நிறையை உதறுவதைச் சாதாரண சூப்பர்நோவாக்களிலேயே பார்க்கிறோம். தனி விண்மீன் போதும்.

டாஸ்மேனிய டெவிலையும் இங்கே கொண்டுவருகிறேன், ஏனென்றால் பரிதி அதை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். முதல் வெடிப்பு அடங்கிய பின், நூறு நாள் கழித்தும், அதே இடத்தில் நிமிடக்கணக்கில் மட்டும் நீடிக்கும் ஒளிவெட்டுகள். பதினான்குக்குக் குறையாமல் பதிவாகின. ஒவ்வொன்றும் சூப்பர்நோவா அளவு பிரகாசம். சில நிமிடத்தில் எழுந்து அணைந்தன. உலகெங்கும் பதினைந்து தொலைநோக்கிகள் சேர்ந்து அந்தத் தரவைத் திரட்டின. வெடிப்புப் பொருள் சூடேறி ஒளிர்ந்தால் இவ்வளவு வேகம் வராது. மையத்தில் உயிரோடிருக்கும் ஒரு சின்னப் பொருள், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எதையோ நம் பக்கம் வீச வேண்டும். புதிதாகப் பிறந்த கருந்துளையோ மேக்னட்டாரோ இதைச் செய்யும். பல காலமாக இருந்த கருந்துளைதான் செய்ய வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

பரிதி:
நேசன், சரிந்து விழும் தனி விண்மீனில் எவ்வளவு பொருள் சுற்றியிருக்கும் என்று யோசியுங்கள். கருந்துளையாகச் சரியும் விண்மீன் இருபது முப்பது சூரிய நிறை. அதில் அரை சூரிய நிறை மட்டும் வெளியே போய், மீதி எல்லாம் சத்தமில்லாமல் உள்ளே விழுந்து, அதோடு வட்டு அமைவதற்கு வேண்டிய சுழற்சியும் சரியாக வாய்க்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று ஏற்பாடும் ஒன்றாகக் கூடி வர வேண்டும்.

துணையைச் சுற்றும் கருந்துளையில் இதெல்லாம் தானாக வருகிறது. கருந்துளை துணையின் வெளி அடுக்குக்குள் இறங்கத் தொடங்கினால், சுற்றும் ஆற்றல் வாயுவை வெளியே தள்ளும். யாழினி கேட்ட “கடைசி ஆண்டுகளின் அவசரம்” அதுதான். அந்த வாயு சுற்றுப்பாதையின் தளத்தில்தான் குவியும், உருண்டையாக அல்ல. பசுவில் 5.7ஆம் நாள் லிவர்பூல் தொலைநோக்கி அளந்த ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி அலைகள் ஒரே திசையில் அதிரும் அளவு, 7 சதவீதம். உருண்டையான வெடிப்பில் தளவிளைவு ஏறக்குறைய பூஜ்யம். அவ்வளவு தட்டையான வெடிப்பை அதற்குமுன் யாரும் அளந்ததில்லை. தட்டு எங்கிருந்து வந்தது என்று தனி விண்மீனிடம் கேட்டால் “வேகமாகச் சுழன்றேன்” என்று ஒரு பதிலைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். ஜோடியிடம் கேட்க வேண்டியதே இல்லை.

எண்ணிக்கையும் உதவுகிறது. வானில் புதிதாகத் தோன்றுபவற்றைத் தேடும் ஸ்விக்கி டிரான்சியன்ட் கணக்கெடுப்பின்படி, மையம் சரியும் சூப்பர்நோவா ஆயிரத்துக்கு ஒன்றுகூட இந்த ரகத்தில் தேறாது. பெரிய விண்மீன் எல்லாம் தனியாகச் சரிந்து இதைச் செய்ய முடியுமென்றால் இவ்வளவு அரிதாக இருக்குமா?

வெண்கோள்:
அரிது என்பது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லும். வேகமாகச் சுழலும் விண்மீனும் அரிது, இடைநிறைக் கருந்துளையும் அரிது. அதை விடுங்கள்.

யாழினி அம்மா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பசுவைச் சுற்றியிருந்த வாயு எனக்கு இடிக்கிறதுதான். விண்மீனின் கிழிபட்ட பொருளில் ஒரு பகுதி முதல் சுற்றிலேயே வெளியேறி, பின்னால் வந்த வேகமான காற்று அதில் மோதியிருக்கலாம் என்று சொல்வேன். ஆனால் 570 நாள் தூரத்தை அதனால் நிரப்ப முடியுமா என்பதில் வேலை பாக்கி இருக்கிறது. பரிதிக்கும் அதே மாதிரி ஒரு பாக்கி: சிஎஸ்எஸ்161010 இன் ஹைட்ரஜன். உல்ஃப்-ராயே துணை என்றால் அது வரவே கூடாது. நான் கேட்டு இரண்டு முறை தாண்டிப் போய்விட்டார்.

பரிதி:
தாண்டவில்லை. துணை உல்ஃப்-ராயேயாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முதல் பதிவில் எழுதவும் இல்லை. விப்பட்டில் ஹைட்ரஜன், ஹீலியம் தடயங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. அங்கே உரிந்துபோன துணை பொருந்துகிறது. சிஎஸ்எஸ்161010இல் ஹைட்ரஜன் போர்வையை இன்னும் இழக்காத துணை. கருந்துளைக்குத் துணை எந்த வயதில் சிக்குகிறது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும். நேசன் முதலில் சொன்ன “ஒரே தகப்பன்” விஷயத்துக்கும் இதுவே என் பதில்: இயந்திரம் ஒன்று, இரை வேறு வேறு.

நிறமாலைநேசன்:
இரையை நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்றால் எந்த நிறமாலை வந்தாலும் உங்கள் மாதிரி ஜெயிக்கும். அதுதான் எனக்குப் பயம். எந்தத் தரவு வந்தால் உங்கள் மாதிரி தோற்கும் என்று சொல்லுங்கள். நான் முதலில் சொல்கிறேன்: விண்மீன் பிறப்பு நின்றுபோன, முழுக்க முதிர்ந்த ஒரு மண்டலத்தில் இந்த ரக வெடிப்பு ஒன்று உறுதியானால் தனி விண்மீன் கதையை நான் விட்டுவிடுவேன்.

பரிதி:
அதே தரவு வந்தால் நானும் தோற்பேன், ஏனென்றால் என் துணையும் இளம் விண்மீன்தான். எனக்கு மட்டும் தனியாக ஒன்று: வெடிப்பதற்கு முன் பல ஆண்டு அந்த இடத்தில் வாயு உதிரவே இல்லை, சுற்றிலும் வெறுமை என்று ஒரே ஒரு வெடிப்பில் ரேடியோ தெளிவாகக் காட்டினாலும் ஜோடிக் கதை அந்த வெடிப்புக்குப் பொருந்தாது.

வெண்கோள்:
எனக்கு: 224 போன்ற துடிப்பு இன்னொரு வெடிப்பில், வேறொரு கருவியில் தனியாகத் தெரிந்தால் போதும்.

யாழினி:
மூவரும் கேட்கும் தரவு எதுவும் சும்மா வந்துவிடாது என்பதுதான் என் கவலை. வானத்தை மீண்டும் மீண்டும் படமெடுக்கும் ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் கண்ணாடி இவற்றை நிறையப் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடிக்கும். ஆனால் அது ஒரே இடத்துக்குத் திரும்பி வரச் சில இரவு ஆகும். பசு உச்சம் தொட்டதே அந்த இடைவெளிக்குள்தான். ஒரு புள்ளி, அடுத்த முறை கொஞ்சம் மங்கலாக இன்னொரு புள்ளி: அது பசுவா, சாதாரண சூப்பர்நோவாவின் முதல் நாளா என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. நிறமாலைக்கு யாராவது அன்றே ஓட வேண்டும். எக்ஸ்-கதிருக்கு ஸ்விஃப்ட் போன்ற ஒன்று உடனே திரும்ப வேண்டும். மில்லிமீட்டரில் முதல் வாரத்திலேயே நேரம் கிடைக்க வேண்டும். தொலைவில் நடப்பவற்றுக்கு இதில் பாதிகூட நடப்பதில்லை. 2024இல் பறக்கத் தொடங்கிய ஐன்ஸ்டைன் ப்ரோப் செயற்கைக்கோள் எக்ஸ்-கதிரிலேயே முதலில் பிடித்துவிடுவது எனக்கு நம்பிக்கை தருகிறது. புறஊதாவில் வானத்தையே அலசப்போகும் அல்ட்ராசாட்டும், 2030-ஐ ஒட்டி நாசா ஏவத் திட்டமிட்டுள்ள யூவெக்ஸும் வந்தால், இவற்றின் நீல நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

கதிர்:
விப்பட் இருந்த இடத்தை ஹப்பிள்ல இப்பவே திரும்பப் பார்த்தா வெண்கோள் சார் சொன்ன புறஊதாப் புள்ளி தெரியாதா? அதுல கருந்துளை பெருசா சின்னதான்னு தெரிஞ்சிடுமே.

வெண்கோள்:
நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் தொலைவு இடிக்கிறது. விப்பட் பசுவைவிட ஐந்தரை மடங்கு தள்ளி. அதே வட்டு அங்கே இருந்தால் முப்பது மடங்கு மங்கலாகத் தெரியும். பசுவின் புள்ளியையே ஹப்பிள் சிரமப்பட்டுத்தான் பிரித்துப் பார்த்தது. பெரிய கருந்துளை என்றால் வட்டின் நிலையான ஒளியும் அதிகம் என்பதால், தெரிந்தால் அது எனக்குச் சாதகம். தெரியாவிட்டால் யாருக்கும் சாதகம் இல்லை.

பரிதி:
அதனால்தான் 20 கோடி ஒளியாண்டுக்குள் இன்னொன்று வேண்டும் என்கிறேன். கதிர், அடுத்தது வந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். முதல் நாளில் யார் எந்த அலைநீளத்தில் பார்த்தார்கள் என்பதிலிருந்தே தொடங்குவோம்.